புதன் மத்தியானத்தோடு கிளம்பிவிடுகிறவர்கள்

சென்ற இதழின் முதல் பக்கத்தில் வந்திருந்த கவிதையைப் பற்றி எழுதுகிறேன். எழுதியவர் என் நண்பர். இருபது வருஷப் பழக்கம். பாராட்டிக் கடிதங்கள் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். நம் வட்டத்தில் ஒருவர் மற்றவரைப் பாராட்டி எழுதுவதும், இரண்டு இதழ் கழித்து அந்த மற்றவர் இவரைப் பாராட்டி எழுதுவதும் புதிய விஷயமில்லை. என் கடிதம் அந்த வரிசையில் சேராது என்பதால் கட்டுரையாகவே அனுப்புகிறேன். ஆசிரியர் போடுவார் என்று நம்புகிறேன்.

கவிதையைப் பார்க்காதவர்களுக்காக: 2024 ஏப்ரல் 24, புதன்கிழமை, கூவாகத்தில் திருநங்கைகள் தாலி அறுத்தார்கள். அதே வருஷம் ஜூன் 18, 19-ல் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் சாராயம் குடித்தவர்கள் சாக ஆரம்பித்தார்கள். சாவு அறுபதைத் தாண்டியது. கவிதை இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. அங்கே வெள்ளைப் புடவை, இங்கேயும் வெள்ளைப் புடவை. அங்கே உடைந்த வளையல், இங்கேயும் உடைந்த வளையல். ஒரே அரவான்தான் ஊர் ஊராகப் போய்ச் செத்துக்கொண்டிருக்கிறான் என்கிற பாவனையில் முடிகிறது. சொற்சிக்கனம் இருக்கிறது. எந்த இடத்தில் வரியை உடைக்க வேண்டும் என்று நண்பருக்குத் தெரியும். இவ்வளவும் இருந்தும் அது பொய்யான கவிதை என்பதே என் கட்சி. தேதிகள் சரி, ஊர்கள் சரி. பொய் இருக்கிற இடம் வேறு.

அந்தச் சித்திரையில் நண்பர் சென்னையிலிருந்து வந்து கள்ளக்குறிச்சியில் என் வீட்டில்தான் தங்கியிருந்தார். செவ்வாய்க்கிழமை இருவருமாகக் கூவாகம் போனோம். ராத்திரி முழுக்க இருந்தோம். மறுநாள் தேர் அழுகளத்துக்கு வந்து, தாலி அறுத்து, ஒப்பாரி ஓய்ந்து, கூட்டம் கலைய ஆரம்பித்ததும் நண்பர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். சாயங்காலம் வரை இருக்கலாமே என்றேன். "இதுக்கு மேல என்னங்க இருக்கு?" என்று சொல்லிவிட்டு விழுப்புரம் பஸ் ஏறிவிட்டார். பத்திரிகை நிருபர்கள், காமிராக்காரர்கள், ஆய்வு மாணவர்கள், தொண்டு நிறுவனத்துக்காரர்கள் எல்லோரும் அதே நேரத்தில்தான் கிளம்பினார்கள். என் சண்டை நண்பரோடு மட்டுமல்ல. அந்த பஸ்ஸில் போன அத்தனை பேரோடும்தான். பல வருஷங்களுக்கு முன் அதே பஸ்ஸில் போன என்னோடும்.

இதற்கு மேல் என்ன இருக்கிறது என்பதைச் சொல்வதற்கு முன்னால், இதற்கு முன் என்ன இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அதையும் நம்மவர்கள் பார்ப்பதில்லை.

கூவாகம் உளுந்தூர்பேட்டை தாலுகாவில் இருக்கிறது. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது அதுவும் இந்தப் பக்கம் வந்தது. பத்திரிகைகளுக்கு இன்னும் பழக்கம் விடவில்லை, விழுப்புரம் கூவாகம் என்றே எழுதுகின்றன. அழகிப் போட்டி விழுப்புரத்தில் நடக்கிறது, லாட்ஜுகள் அங்கே இருக்கின்றன என்பது காரணமாக இருக்கலாம். திருவிழா பதினெட்டு நாள். பாரதப் போரும் பதினெட்டு நாள் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சாகை வார்த்தலில் தொடங்குகிறது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதைத்தான் சாகை வார்த்தல் என்பார்கள். சுற்றியுள்ள கிராமத்துக்காரர்கள் கூழ் கொண்டுவருகிறார்கள், கூடி ஊற்றுகிறார்கள், வாங்கிக் குடிக்கிறார்கள். அப்புறம் ராத்திரிகளில் பாரதம்.

களப்பலி கொடுக்க அரவானுக்கு ஒரு உடம்பு வேண்டும். இந்த விஷயம் எனக்கு எப்போதுமே வியப்பாக இருக்கிறது. உடம்பு ஒரே இடத்தில் இல்லை. தலை கூவாகத்தில் இருக்கிறது. புஜம், மார்பு, மற்ற உறுப்புகள் எல்லாம் கீரிமேடு, நத்தம், தொட்டி என்று பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்து சேர வேண்டும். ஏதாவது ஒரு ஊர் கோபித்துக்கொண்டு வராமல் போனால் சாமிக்கு அந்த உறுப்பு இருக்காது. சாகிறதற்காக ஒரு உடம்பை இத்தனை ஊர் கூடிக் கட்டுகிறது. அமெரிக்கப் பேராசிரியர் ஆல்ஃப் ஹில்டபைடல் 1988-லும் 1991-லும் திரௌபதி வழிபாட்டைப் பற்றி இரண்டு பெரிய நூல்களும், 1995-ல் அரவானின் சாவைப் பற்றித் தனிக் கட்டுரையும் எழுதினார். இந்த உடம்பு கட்டுகிற வேலையை அவர் கட்டுரையின் தலைப்பிலேயே வைத்தார். சிகாகோவில் படித்துவிட்டு வந்த ஒருவருக்குக் கண்ணில் பட்டது, ஐம்பது மைலுக்குள் பிறந்து வளர்ந்த நமக்குப் படவில்லை. நமக்குக் கண்ணில் படுவதெல்லாம் நிலவும் கற்பூரமும்தான்.

நிலவு என்றதும் ஞாபகம் வருகிறது. சித்ரா பௌர்ணமி இரவில் தாலி கட்டுகிறார்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பௌர்ணமியை ஒட்டித்தான் திருவிழா, ஆனால் கண் திறப்பு செவ்வாய்க்கிழமை, தேர் புதன்கிழமை. 2022-ல் பௌர்ணமி ஏப்ரல் 16, சனிக்கிழமை. கண் திறப்பு 19, செவ்வாய். 2023-ல் கண் திறப்பு மே 2, செவ்வாய். பௌர்ணமி அந்த வெள்ளிக்கிழமை. 2024-ல்தான் இரண்டும் ஒரே நாளில் விழுந்தன. அந்த ஒரு வருஷம் வந்த என் நண்பருக்கு நிலவும் தாலியும் சேர்ந்தே கிடைத்துவிட்டன. "கிழமையில் என்னங்க இருக்கு, அது ஒரு படிமம்தானே" என்றார், நான் போனில் இதைச் சொன்னபோது. கூழ் காய்ச்சுகிறவளுக்கும் தேர் கட்டுகிறவனுக்கும் கிழமை முக்கியம். படிமக்காரருக்கு நிலவு போதும்.

செவ்வாய் மாலை சாமிக்குக் கண் திறக்கிறது. அதன் பிறகு பூசாரிகள் கையால் தாலி. ஆயிரக்கணக்கான திருநங்கைகள் பட்டுப் புடவையிலும் மல்லிகைப் பூவிலும் வந்து கழுத்தை நீட்டுகிறார்கள். ராத்திரியெல்லாம் கற்பூரத்தைக் குவித்துக் கொளுத்திச் சுற்றிக் கும்மி. இதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. எழுதப்படாதது என்னவென்றால், அதே பூசாரி கையால் அதே மஞ்சள் கயிற்றை அந்தப் பக்கத்துக் குடியானவர்களும் கட்டிக்கொள்கிறார்கள் என்பது. வேண்டுதல் உள்ள ஆண்கள், மீசை வைத்தவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், சின்னப் பையன்கள்.

எனக்கும் கட்டினார்கள். அப்போது எட்டு வயது.

என் அம்மாவுக்கு எனக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. கூத்தாண்டவருக்கு வேண்டிக்கொண்டு, களப்பலிக்குப் பிறகு கொடுக்கிற பலிசோற்றை வாங்கிச் சாப்பிட்டாள். நான் பிறந்தேன். பிள்ளை தங்கினால் சாமிக்குத் தாலி கட்டிக்கொள்ள விடுகிறேன் என்பது வேண்டுதல். கயிறு கழுத்தில் ஏறியது ஞாபகம் இருக்கிறது, மஞ்சள் ஈரம் சட்டையில் பட்டதும் ஞாபகம் இருக்கிறது. மறுநாள் அழுகளத்தில் அறுத்தபோது சுற்றிலும் எழுந்த ஒப்பாரியைக் கேட்டு நானும் அழுதேன். அம்மா என் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "ஏண்டா அழற? சாயங்காலம் சாமி எழுந்துக்குவாரு" என்றாள்.

முப்பது வயதில் நான் கூவாகத்தைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். நின்றுபோன ஒரு பத்திரிகையில் அது வந்தது. யாரும் தேடிப் பிடித்துவிட வேண்டாம். நிலவு, கற்பூரம், உடைந்த வளையல், ஆணுமற்ற பெண்ணுமற்ற ஒரு முகம், எல்லாவற்றையும் கூட்டத்துக்கு வெளியே நின்று பார்க்கிற நவீன மனிதன் ஒருவன். அந்த நவீன மனிதனின் கழுத்தில் ஒரு நாள் அதே கயிறு ஏறியிருந்தது என்பதைக் கவிதையில் சொல்லவில்லை. காஃப்காவையும் காம்யுவையும் பேசுகிற நண்பர்களுக்கு நடுவில் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அந்நியமாதல் என்று எழுதுவது சுலபமாக இருந்தது. ஆகவே நண்பரின் கவிதையைப் பொய் என்கிறபோது, அந்தப் பொய்யின் தயாரிப்பு முறை எனக்கு நன்றாகத் தெரியும் என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பண்டிகைக்கு அர்த்தம் சொல்லுவது தமிழில் ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. பத்திரிகைகளின் ஆன்மீக இணைப்புகளைப் பார்த்தால் தெரியும். தீபாவளி என்றால் அகங்காரம் அழிவது, ஆடிக்கூழ் என்றால் உடல் உஷ்ணத்துக்கு மருந்து, கூவாகம் என்றால் ஜீவாத்மா ஒரே ராத்திரி பரமாத்மாவோடு கலப்பது. ஒன்றுமே அதுவாக இருக்கக் கூடாது. வேறு எதற்காகவோ அடையாளமாக இருந்தால்தான் மரியாதை. இதைக் கேலி செய்கிற பகுத்தறிவுக்காரரும் இதே வேலையைத்தான் மறுபக்கத்திலிருந்து செய்கிறார். அவருக்குக் கூவாகம் அறியாமையின் அடையாளம். நாம் இந்த இரண்டு பேரையும் மட்டமாக நினைக்கிறவர்கள். நாம் என்ன செய்தோம்? ஜீவாத்மா இருந்த இடத்தில் அந்நியமாதலை வைத்தோம், பரமாத்மா இருந்த இடத்தில் சூன்யத்தை. சூத்திரம் மாறவில்லை. இலக்கியச் சிற்றேட்டில் வருகிற ஆன்மீக இணைப்பு என்றுதான் நம் அரவான் கவிதைகளைச் சொல்லத் தோன்றுகிறது. இப்படி எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்க்கலாம். வியாச பாரதத்தில் இராவான் அர்ச்சுனனுக்கும் நாக கன்னி உலூபிக்கும் பிறந்தவன். எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்கிற அரக்கன் கையால் சாகிறான். பலி கிடையாது. களப்பலி தமிழில் ஒன்பதாம் நூற்றாண்டில் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே வந்துவிடுகிறது. பிறகு வில்லிபுத்தூரார் அதற்கென்றே ஒரு சருக்கம் வைத்தார். ஆனால் இருவரிடமும் கல்யாணம் இல்லை. சாகப் போகிறவன் கல்யாணம் கேட்டதும், நாளை விதவையாகப் போகிறவளாக யாரும் வர மாட்டேன் என்றதும், கிருஷ்ணனே மோகினியாக வந்து ஒரு ராத்திரி இருந்ததும், விடிந்ததும் தாலி அறுத்து அழுததும் கூத்துக்காரர்களும் பாரதம் சொல்லுகிறவர்களும் சேர்த்தது. அவர்கள் பெயர் எந்த இலக்கிய வரலாற்றிலும் இல்லை. இந்த ஒரு கற்பனைக்குப் பக்கத்தில் வைக்க, 1959-ல் 'எழுத்து' வந்ததிலிருந்து இன்றுவரை நாம் எழுதியதில் எத்தனை தேறும் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பிரபஞ்சத்தையே ஆட்டி வைக்கிற கடவுள், தான் கொல்ல ஏற்பாடு செய்த பையனுக்காகத் தானே தாலி அறுத்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிறான். கொலைகாரனும் விதவையும் ஒரே ஆள். இந்த உக்கிரத்தைத் தாங்கிக்கொள்ள முடியாமல்தான் நாம் 'துயரம்' என்று ஒரு சொல்லைப் போட்டு மூடிவிடுகிறோம்.

இப்படிக் கற்பனை செய்தவர்கள் கதையைப் புதன் மத்தியானத்தோடு விடவில்லை. நம் பஸ் கிளம்பிய பிறகு நடப்பதைச் சொல்கிறேன்.

கொரோனாவால் 2020-லும் 2021-லும் திருவிழா இல்லை. 2022-ல் மறுபடி நடந்தபோது, முதல் தடவையாகச் சாயங்காலம் வரை இருந்தேன். எட்டு வயதில் அம்மா தோளில் தூங்கிவிட்டேன். முப்பது வயதில் பஸ் ஏறிவிட்டேன். காலையில் தேர் வருகிற வழியில் குடியானவர்கள் நிலத்தில் விளைந்ததைத் தேர்மேல் எறிந்தது தரையில் மிதிபட்டுக் கிடந்தது. பந்தலடியில் வளையல் துண்டுகள், பூ, தண்ணீர் பாட்டில்கள், கற்பூரக் கரி. வெள்ளைப் புடவைக்காரிகள் போய்விட்டார்கள். பலிசோறு வாங்கப் பெண்கள் வந்திருந்தார்கள், கல்யாணமாகிச் சில வருஷமானவர்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. பக்கத்தில் மாமியார்கள். யாரும் யாரிடமும் பேசவில்லை. கையில் ஏந்திய சோற்றை முந்தானையில் மறைத்துக்கொண்டு போனார்கள். அந்தச் சோற்றில்தான் நான் வந்தேன் என்று நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் நிலை தடுமாறியது.

அதற்குப் பிறகு காளி கோயிலில் அரவானுக்கு உயிர் வருகிறது. அவ்வளவுதான். காலையில் செத்தவன் ராத்திரிக்குள் எழுந்துவிடுகிறான். பெரிய கூட்டமில்லை, ஊர்க்காரர்கள்தான். அழுத முகங்கள் இல்லை, ஆர்ப்பாட்டமும் இல்லை. வீட்டில் காய்ச்சலில் கிடந்த பிள்ளை எழுந்து கஞ்சி குடித்தால் எப்படி இருப்பார்களோ அப்படி இருந்தார்கள். வியாழன் விடையாத்தி. வெள்ளி தருமர் பட்டாபிஷேகம். அதோடு பதினெட்டு நாள் முடிகிறது. அந்த வெள்ளிக்கிழமைக்கு எந்தக் காமிராவும் வருவதில்லை.

தருமனுக்குக் கிரீடம் வைப்பதோடு முடிகிற ஒரு திருவிழாவை, தாலி அறுப்போடு முடிகிற திருவிழாவாக நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஏன்? துக்கம் நமக்கு ஒத்துவருகிறது. உயிர்த்தெழுதல் நம்பிக்கைவாதம், அது பக்திப் பத்திரிகைகளின் சரக்கு, நவீன கவிதைக்கு ஆகாது என்று ஒரு கூச்சம். கூவாகத்துக்காரர்கள் துக்கத்தைக் குறைத்துவிடவில்லை. மார்பில் அடித்துக்கொண்டு அழத்தான் செய்கிறார்கள். சாயங்காலம் எழுந்துவிடுவான் என்று தெரிந்தே அழுகிறார்கள். அடுத்த சித்திரையில் மறுபடி வெட்ட வேண்டும் என்று தெரிந்தே எழுப்புகிறார்கள். இந்த இரண்டு அறிவையும் ஒரே நாளில் ஒரே உடம்பில் வைத்துக்கொள்ள அவர்களால் முடிகிறது. நம்மால் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடிகிறது.

"அப்படியானால் திருநங்கைகளும்தானே புதன் மத்தியானம் கிளம்பிவிடுகிறார்கள்?" என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அவர்கள் அழுதுவிட்டுப் போகிறார்கள்; எதை அழுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அதை அவர்களே எழுதியும் விட்டார்கள். லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' 2007-ல் வந்தது. ரேவதியின் 'வெள்ளை மொழி' 2011-ல். இரண்டும் உரைநடை. ரயிலில் கைநீட்டுவது, வீடு கிடைக்காமல் அலைவது, அறுவைச் சிகிச்சை, பெற்றவர்களின் முகம் என்று இருக்கிறதை இருக்கிறபடி சொல்லுகிற எழுத்து. இவற்றைப் படித்த பிறகும் நம் கவிஞர்கள் அவர்களை ஆண்பெண் கடந்த பிரபஞ்ச இருப்பு என்று எழுதுவது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. படித்திருந்தால்தானே.

படிமம் என்பது காகிதத்தோடு நிற்கிற சமாச்சாரமல்ல என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 'அலி' என்ற வசைச்சொல்லுக்குப் பதிலாக 'அரவாணி' என்ற சொல்லைக் கொண்டுவந்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கொண்டுவந்தார்கள். 2008-ல் தமிழக அரசு நல வாரியம் அமைத்தபோது முதலில் வைத்த பெயரும் அரவாணிகள் நல வாரியம்தான். வருஷத்தில் ஒரு ராத்திரி கழுத்தில் ஏறி மறுநாள் அறுபடுகிற தாலியை ரேஷன் கார்டு முதல் வாரிய அட்டைவரை வருஷம் முழுக்கச் சுமக்க வேண்டும் என்றால் எப்படி? நான் விதவையாகவே பிறந்தவளா என்று கேட்கத் தோன்றாதா? கிறிஸ்தவத் திருநங்கை, முஸ்லிம் திருநங்கை என்ன செய்வாள்? திருநங்கை என்ற சொல் பிறகு நிலைத்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம் அவர்களை மூன்றாம் பாலினம் என்று ஏற்றுத் தீர்ப்பளித்தபோது, தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமை என்றுதான் சொன்னது. அரசாங்கமும் நீதிமன்றமும் விட்டுவிட்ட படிமத்தைக் கவிஞர்கள் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

இனி கருணாபுரம். எழுதத் தயங்கிக்கொண்டே இவ்வளவு தூரம் வந்தேன். அது என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

கவிதையில் வருகிற வெள்ளைப் புடவையை நான் அங்கே பார்க்கவில்லை. நைட்டியும் தோளில் துண்டுமாக, வாசலில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் அடுத்தடுத்து சாமியானா. எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று தெரியாமல் துக்கம் கேட்க வந்தவர்கள் நின்றார்கள். செத்தவர்கள் எல்லோரும் ஆண்களுமல்ல; பெண்களும் குடித்தார்கள், செத்தார்கள். கூலி வேலை முடித்து வலி தெரியாமல் தூங்குவதற்குக் குடித்தவர்கள். கவிதையின் கணக்கில், தாலி அறுக்கிறவள் இந்தப் பக்கம், செத்தவன் அந்தப் பக்கம் என்று சுத்தமாகப் பிரிந்திருக்கிறது. குடித்துச் செத்த பெண்ணுக்கு அதில் இடமே இல்லை. அரசு பத்து லட்ச ரூபாய் அறிவித்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுக்கு மாற்றியது. கருணாபுரத்துப் பெண்ணுக்குச் சாயங்காலம் காளி கோயில் கிடையாது. யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டு விதவைகளும் ஒன்று என்று நண்பர் எழுதுகிறார். ஒன்றல்ல. கூவாகத்தில் புதன் சாயங்காலம் வரை இருந்திருந்தால் அவருடைய ஒப்புமை அவர் கையிலேயே உடைந்திருக்கும். உடைந்த இடத்திலிருந்து ஒருவேளை ஒரு நல்ல கவிதை வந்திருக்கலாம்.

இதே அவசரம்தான் மலைக்கும் நடந்தது. கல்வராயன் மலை என் மொட்டைமாடியிலிருந்து தெரிகிறது. சாவு விழுந்த வாரத்திலேயே பத்திரிகைகளுக்கு அது சாராய மலை ஆகிவிட்டது. போலீஸ் மேலே ஏறி ஊறல்களை உடைத்தது, படம் வந்தது. மலையில் ஊறல் போடுகிறார்கள் என்பது பொய்யல்ல. ஆனால் கருணாபுரத்தில் ஆளைக் கொன்றது மெத்தனால். வெல்லமும் பட்டையும் ஊறுகிற பானையில் அந்த அளவுக்கு மெத்தனால் விளையாது. அது தொழிற்சாலைச் சரக்கு, கீழேயிருந்து லாரியிலும் டிரம்மிலும் வருவது. அந்த மலை 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் கையில் கிடந்தது; ஓட்டுப்போடுகிற உரிமையே மிகப் பிந்திக் கிடைத்தது என்று உயர் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. 2024 ஜூலையில் மலைமக்களின் வாழ்க்கையைப் பற்றி அந்த நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரிக்க வேண்டியிருந்தது. ரோடு இல்லாத ஊரிலிருந்து டோலி கட்டி நோயாளியைத் தூக்கி வருகிறவர்களை, ஒரு சாவுக்கு அடையாளமாக ஆக்கிவிட்டால் கேள்வி முடிந்துவிடுகிறது. நண்பரின் கவிதையிலும் மலை வருகிறது, 'சாராயம் கசிகிற முலை' என்கிற தினுசில். அவர் அந்த மலைக்கு ஏறியதே இல்லை. அரசு கரியாலூரில் கோடை விழா நடத்தியபோது ஒரு தடவை கூப்பிட்டேன். அரசு விழாவுக்கு வரமாட்டேன் என்று கொள்கை சொன்னார்.

நம்மில் ஒருவர் வேறு மாதிரி இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ந. முத்துசாமி புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தைப் பார்க்கப் போனார். கூத்தைக் கவிதைக்கு உவமையாகக் கொண்டுவரவில்லை. அதன் அடவும் ஒப்பனையும் பாட்டும் எப்படி வேலை செய்கின்றன என்று விடிய விடிய உட்கார்ந்து பார்த்தார், மறுபடி போனார். 1977-ல் கூத்துப்பட்டறை வந்தது அப்படித்தான். அவருடைய நாடகங்களைப் பற்றி எனக்கு அபிப்பிராய பேதங்கள் உண்டு. ஆனால் அவர் பாதியில் எழுந்து பஸ் பிடித்தவரல்ல.

இதையெல்லாம் எழுதி அனுப்பப் போகிறேன் என்று நண்பரிடம் முன்கூட்டியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப கவிதையை வாபஸ் வாங்கணும்ங்கிறீங்களா?" என்றார். அச்சான கவிதையை யார் வாபஸ் வாங்க முடியும். என் கவிதையும்தான் எங்கேயோ ஒரு பழைய பேப்பர்க் கடையில் கிடக்கிறது. அடுத்த சித்திரைக்கு வாருங்கள், செவ்வாய்க்கிழமை வேண்டாம், புதன்கிழமை மத்தியானத்துக்கு மேல் வாருங்கள், வெள்ளிக்கிழமை வரை என் வீட்டிலேயே இருக்கலாம் என்றேன். "அன்னைக்குக் கூட்டமா இருக்குமே, பஸ் கிடைக்குமா?" என்று கேட்டார்.

கிடைக்கும். அந்த நேரத்தில் கூவாகத்துக்குப் போகிற பஸ்ஸில் உட்காரவே இடம் இருக்கும். திரும்பி வருகிற பஸ்ஸில்தான் கூட்டம்.